முடியிடம் தோற்கும் எஃகு

திருத்தணி முருகனுக்கு முடி காணிக்கை செலுத்துவோர் தலையில் ஓடும் சவரக்கத்தியைக் கவனித்திருப்பீர்கள். எஃகு முடியைவிடச் சுமார் 50 மடங்கு கடினமானது. ஆயினும் முடியை மழித்தே கத்தி மழுங்குகிறது. ஏன்?

2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் சவர பிளேடுகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்து விடை கண்டனர். முடி வளைந்து சாய்வாக வெட்டுப்படும்போது, எஃகின் உள்ளமைப்பு சீரற்ற இடங்களில் விளிம்பு நுண்சில்லாகப் பெயர்கிறது.

வீட்டிலுள்ள பழைய மடக்குக் கத்தியைப் புதுப்பிக்க விரும்புகிறீர்களா? துருவை நீக்கி, சாணைக்கல்லில் கூர்விளிம்பு முன்செல்லத் தீட்டுங்கள். தோல்வாரிலோ முதுகு முன்செல்ல வேண்டும். இல்லையேல் வார் அறுபடும். நீரில் ஊறிய முடி எளிதில் வெட்டுப்படும்.

ஆனால் கூர்மை வேறு, தூய்மை வேறு. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்களேனும் தொற்றும் ஆற்றலுடன் இருக்கக்கூடும். எனவே அக்கத்தியை நீங்கள் மட்டுமே பயன்படுத்துங்கள். மலைக்கு மொட்டையடிக்கச் சென்றால், புது பிளேடு பொருத்தச் சொல்லுங்கள்.