சுவரில் தொங்கும் சரித்திரம்

தை பிறந்தால் புதுக் காலண்டர் வந்துவிடும். பழையதில் தேதித் தாள் எல்லாம் கிழிந்து போயிருக்கும். ஆனால் மேலே சிரிக்கும் முருகனையோ லட்சுமியையோ குப்பையில் போட எந்த இல்லத்தரசிக்கு மனம் வரும்? ஓரத்தைக் கத்தரித்து, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டிவிடுவாள். கடைக்காரர் இனாமாகக் கொடுத்த இந்த அலங்காரத்தைச் சரித்திரம் என்றால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

சிவகாசிக்கு அருகே, வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. அங்குள்ள மேட்டை 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. தங்கமும் கொஞ்சம் அகப்பட்டது. ஆனால் ஏராளமாக வந்தவை சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும். கூடவே சுடுமண் பொம்மைகள். ராஜாக்கள் தங்கள் பெருமையைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு ஏது கல்வெட்டு? உடைந்த வளையலும் மண் பொம்மையும்தான் அதன் சாசனம்!

கடல் கடந்தும் இதே கதைதான். மெல்போர்ன் நகரின் ‘லிட்டில் லான்’ வட்டாரத்தைச் சேரி என்று ஒரு காலத்தில் ஏசினார்கள். 1980-களில் அங்கே தோண்டியபோது பூப்போட்ட பீங்கான்களும் அலங்காரச் சாமான்களும் வெளிவந்தன. ‘ஏழைக்கு அழகு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு மண்ணே பதில் சொல்லிவிட்டது.

இனி நம் காலண்டருக்கு வருவோம். 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் பிறந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமே! அச்சகங்கள் பெருகின. லேபிள் அச்சடித்த கைகள் காலண்டரும் அச்சடித்தன. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜு தீட்டிய தெய்வங்கள் ஊர் ஊராகப் போயின.

இதே சிவகாசியில்தான், நாடார்கள் கோயிலுக்குள் செல்லும் உரிமை கேட்டதை ஒட்டி 1899-ல் கலவரம் மூண்டு உயிர்கள் பலியாயின. மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-ல். பாட்டனார் எட்ட நின்று கும்பிட்ட தெய்வத்தைப் பேரன்மார் அச்சடித்து, மாளிகைக்கும் குடிசைக்கும் ஒரே முகத்துடன் அனுப்பி வைத்தார்கள். கோயில் வாசலில் தடுக்கப்பட்டவன் வீட்டுக்குச் சாமியே வந்துவிட்டது! அந்தப் படத்தின் விலை என்ன என்று யார் சொல்ல முடியும்?

சுடுமண் பொம்மை ஆயிரம் வருஷத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும். காகிதம் அப்படியல்ல, கறையானுக்கு ஒரு மழைக்காலம் போதும். ஆகவே, அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது பழைய படத்தை அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். அது எப்போது, எந்தக் கடையிலிருந்து வந்தது என்று பாட்டியைக் கேட்டுப் பின்புறம் எழுதி வையுங்கள். உங்கள் குடும்பத்தின் கல்வெட்டு அதுதான்.