மேரி பாப்பின்ஸின் மஞ்சள் திரை

2018 டிசம்பரில் டிஸ்னியின் ‘மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்’ வெளியானபோது, முதல் படம் வந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1964-இல் ‘மேரி பாப்பின்ஸ்’ பார்த்து வாய் பிளந்த குழந்தைகளில் பலர் இதற்குள் பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள். அதைவிட ஆச்சரியம், முதல் படத்தில் ஆடிய டிக் வான் டைக் இதிலும் வந்து மேஜை மேல் ஏறி ஆடியது. அன்று முப்பதுகளில் இருந்த அவர் இரண்டு வேடம் கட்டினார். ஒன்று, புகைபோக்கி துடைக்கும் பெர்ட். இன்னொன்று, ஒப்பனையில் ஆளே தெரியாத தள்ளாத கிழவராக வங்கி முதலாளி. இரண்டாம் பாகத்தில் அந்த முதலாளியின் மகன் அவர். படம் வெளிவரச் சில நாள் முன்புதான் அவருக்கு 93 வயது நிறைந்தது.

இயக்குநர் ராப் மார்ஷல் ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருந்தார். கார்ட்டூன் உலகத்துக்குள் மனிதர்கள் நுழையும் காட்சியைக் கணினி பொம்மைகளை வைத்து எடுக்கக் கூடாது. பழைய படம்போலக் கையால்தான் வரைய வேண்டும். ஓவியர்கள் பென்சிலை எடுத்தார்கள். பழைய படத்தின் பெங்குவின்கள் திரும்பி வந்தன. பீங்கான் கிண்ணத்தில் தீட்டிய சித்திரத்துக்குள் மேரியும் குழந்தைகளும் போகும் அந்தக் காட்சிக்கு, உடை வடிவமைப்பாளர் சாண்டி பவல் துணியிலேயே மடிப்பையும் அலங்காரத்தையும் தூரிகையால் தீட்டினார். உடுத்தியிருப்பது நிஜத் துணி. பார்த்தால் நீர்வண்ண ஓவியம். எனக்கு அந்தப் படத்தில் மிகவும் பிடித்தது பாட்டுகூட இல்லை, அந்த உடைகள்தான்.

பென்சில் வந்தது, பெங்குவின் வந்தது. ஆனால் 1964-இல் நடிகர்களை ஓவியத்துக்குள் ஒட்டிய முறை மட்டும் வரவில்லை. முதல் படத்தின் பெரிய மாயமே அதுதான் என்பேன்.

ஒரு நடிகரைத் தனியாகப் படம்பிடித்து வேறொரு பின்னணியில் வைக்க வேண்டுமென்றால், முதலில் அவருடைய உருவத்தை ஓரம் பிசகாமல் கத்தரித்து எடுக்க வேண்டும். பழைய இரட்டை வேடப் படங்களில் லென்ஸின் பாதியை மறைத்து ஒரு பக்கமும், மறுபாதியை மறைத்து இன்னொரு பக்கமும் எடுப்பார்கள். மறைப்பு அசையாது, நடிகர் கோட்டைத் தாண்டக் கூடாது. ஆடிக்கொண்டே இருப்பவரை அப்படி எடுக்க முடியாது. அவரோடு சேர்ந்து மறைப்பும் நகர வேண்டும், நொடிக்கு 24 முறை. இதற்காகத்தான் நீலத் திரை வந்தது. நீலம் உள்ள இடமெல்லாம் பின்னணி, மற்றதெல்லாம் ஆள் என்று பிரிப்பார்கள். நீலச் சட்டை போட்டால் நெஞ்சு காணாமல் போகும். முடியின் ஓரத்தில் நீலக் கோடு ஒட்டிக்கொள்ளும். புகை, கண்ணாடி, மெல்லிய துணி என்றால் தலைவலி.

சோடியம் இங்கேதான் கைகொடுத்தது. அடுப்பில் உப்புத் தண்ணீர் பொங்கி வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாவதைச் சமையலறையில் பார்த்திருப்பீர்கள். உப்பிலுள்ள சோடியம் செய்யும் வேலை அது. சோடியம் அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான். சூடு பட்டால் ஒரு படி மேலே ஏறும். இறங்கும்போது, ஏறிய அந்தச் சக்தியை ஒளியாக விட்டுவிடும். படியின் உயரம் மாறாது என்பதால் ஒளியின் நிறமும் மாறாது. அலைநீளம் 589 நானோமீட்டர். நுணுகிப் பார்த்தால் 589.0, 589.6 என ஒட்டிப்பிறந்த இரண்டு கோடுகள். அக்கம்பக்கத்தில் வேறு நிறமே கிடையாது.

நாம் அன்றாடம் காணும் மஞ்சள் அப்படிப்பட்டதல்ல. மஞ்சள் புடவையிலிருந்து வருவது சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை எல்லாம் கலந்த அகலமான ஒளி. அதில் 589 ஒரு சிறு கீற்று. நம் கண் இரண்டையும் மஞ்சள் என்றே சொல்லும். அதற்கு வேறுபாடு தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாட்டின் மேல்தான் மொத்தத் தந்திரமும் நிற்கிறது.

டிஸ்னி ஸ்டூடியோவில் வெள்ளைத் திரையைச் சோடியம் விளக்குகளால் நிறைத்தார்கள். நடிகர்கள் திரைக்கு நன்றாக முன்னே தள்ளி நிற்பார்கள், அந்த ஒளி அவர்கள் மேல் சிந்தாதபடி. அவர்கள் மேல் விழுவது வழக்கமான ஸ்டூடியோ வெளிச்சம். ஆனால் அதிலிருந்து 589 கீற்றை மட்டும் முன்கூட்டியே உறிஞ்சிவிட வேண்டும். அதற்கு டிடிமியம் கண்ணாடி உண்டு. நியோடிமியமும் பிரசியோடிமியமும் கலந்த இந்தக் கண்ணாடியைத்தான் கண்ணாடி ஊதும் தொழிலாளர்கள் மூக்குக்கண்ணாடியாக அணிகிறார்கள்; உருகும் கண்ணாடியிலிருந்து கிளம்பும் சோடியம் மஞ்சள் கண்ணைக் கூசாமலிருக்க.

மிச்ச வேலை கேமராவுக்குள். லென்ஸுக்குப் பின்னால் ஒரு பட்டகம். உள்ளே வரும் ஒளியில் சோடியம் கீற்று ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளுக்குப் போகும். மற்றதெல்லாம் வண்ணச் சுருளுக்கு. ஒரே லென்ஸ், ஒரே கணம், இரண்டு படம். ஒன்றில் மேரி பாப்பின்ஸ் முழு வண்ணத்தில். மற்றொன்றில் அவருடைய நிழல் மட்டும், கத்தரித்த மாதிரி. மஞ்சள் சட்டை போட்டவரும் மறைந்துபோக மாட்டார், ஏனென்றால் அந்தச் சட்டையில் விழும் ஒளியில் 589 இல்லவே இல்லை.

ஓவியத் தோட்டத்தில் மேரி பாப்பின்ஸ் நடந்துவரும்போது படத்தை நிறுத்தி அவர் தொப்பியைப் பாருங்கள். சுற்றியுள்ள மெல்லிய வலைத்துணியின் ஊடே பின்னாலுள்ள தோட்டம் தெரியும். துணி பாதி ஒளியை விட்டால், நிழல்படத்தில் அந்த இடம் பாதிக் கறுப்பாக விழும். பின்னணியும் பாதியளவே உள்ளே வரும். யாரும் உட்கார்ந்து இழை இழையாக வெட்டவில்லை. ஒளியே அளந்து கொடுத்துவிட்டது. ஹிட்ச்காக்கின் ‘த பேர்ட்ஸ்’ படத்தில் படபடக்கும் சிறகுகளை ஒட்டவும் 1963-இல் இதே முறை பயன்பட்டது. டிஸ்னியின் அப் ஐவர்க்ஸ், பெட்ரோ விளாஹோஸ், வாட்ஸ்வொர்த் போல் மூவருக்கும் இதற்காக ஆஸ்கர் அறிவியல் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

விளாஹோஸ்தான் இதில் வேடிக்கை. 1959-இன் ‘பென்ஹர்’ படத்துக்காக நீலத் திரை முறையைச் செம்மையாக்கியவரும் அவரே. கடைசியில் அவருடைய நீலம் அவருடைய மஞ்சளைத் தோற்கடித்தது. காரணம் தரமல்ல, வசதி. நீலத் திரைக்கு எந்தக் கேமராவும் போதும். மஞ்சளுக்குப் பட்டகம் வேண்டும், இரண்டு சுருள் ஓடும் கனத்த கேமரா வேண்டும், வடிகட்டிய விளக்குகள் வேண்டும். பிறகு கணினி வந்து பச்சைத் திரையைப் பழக்கமாக்கியது. முடி ஓரத்துப் பச்சையைத் துடைக்க இன்றும் ஆட்கள் இரவு பகலாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

2024-இல் கணினி வரைகலை ஆய்வாளர் பால் டெபவெக், ‘காரிடார் க்ரூ’ என்ற யூடியூப் குழுவோடு சேர்ந்து பழைய முறையை மறுபடி உயிர்ப்பித்துக் காட்டினார். பெரிய கேமரா இல்லை. இரண்டு டிஜிட்டல் கேமராக்கள், நடுவே ஒளியைப் பிரிக்கும் சின்னக் கண்ணாடிக் கனசதுரம், இரு பக்கமும் வடிகட்டிகள். பச்சைத் திரையில் குழம்பும் மெல்லிய துணியும் கலைந்த முடியும் சுத்தமாகப் பிரிந்து வந்தன. படத்திலிருந்து ஆளைப் பிரிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுக்க இப்படிப்பட்ட பிசிறில்லாத மாதிரிகள்தான் வேண்டும். ஆக, பழைய மஞ்சளுக்குப் புது வேலை ஒன்று காத்திருக்கலாம். சிக்கல் விளக்கில். தெருவில் எரிந்த சோடியம் விளக்குகளில் பெரும்பாலானவை உயரழுத்த வகை. அவற்றின் ஒளி அகலமாகப் பரவிவிடும், இதற்கு ஆகாது. தேவைப்படுவது குறையழுத்த வகை, அது இப்போது கிடைப்பதே அரிது. மஞ்சள் எல்இடியைப் போட்டாலோ அவ்வளவு ஒடுங்கிய ஒளி வராது.