தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் கவனத்துக்கு

"விசிட் விசாவில் போங்க, அங்க வேலை தேடிக்கலாம்" என்று லயத்துக்கு வந்து சொல்லும் ஏஜெண்டை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் விசாவை இங்கிருந்தே எடுக்க வேண்டும். அந்நாட்டு விமான நிலையத்தில் கிடைக்காது. அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் 30 நாளாவது கடவுச்சீட்டு செல்லுபடியாக வேண்டும். வெறும் பக்கம் இரண்டு இருக்க வேண்டும்.

விசிட் விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 2014 விதிப்படி, தவணை தாண்டி 30 நாள் வரை நின்றால் 12 மாதம், அதற்கு மேல் நின்றால் 5 வருடம் மறுபடி நுழைய விடமாட்டார்கள். வேலைக்கென்றால் வேலை விசாவும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவும் வேண்டும்.

காசு கொடுக்க முன்னே கடுதாசிகளை எங்களிடம் கொண்டு வாங்க. சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.