துபாஷியின் நாட்குறிப்பும் வணிகத் தலைமையும்

வணிகத் தலைவருக்கு வேண்டிய பண்புகள் யாவை என்னும் வினா இறையியற் கல்லூரி ஏடொன்றில் எழுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு சபையின் பொறுப்பை ஏற்கும் போதகர், முதல் ஞாயிறன்றே நெல் மண்டிக்காரரையும், மல்லாட்டை கொள்முதல் செய்பவரையும், ஜவுளிக்கடை உரிமையாளரையும், இரண்டு லாரிகளை வைத்து நான்கு குடும்பங்களுக்குச் சோறு போடுபவரையும் தம் முன்னே காண்கிறார். இவர்களுக்கென்று திருச்சபையின் கையில் பெரும்பாலும் இரண்டு பிரசங்கங்களே உள்ளன. ஒன்று ஐசுவரியவானைக் குறித்த எச்சரிக்கை; மற்றொன்று கட்டட நிதிக்கான வேண்டுகோள். திங்கள் முதல் சனி வரை இம்மனிதர் செய்யும் வேலையில் எது நற்பண்பு, எது சோதனை என்பதைப் பிரசங்க மேடை அரிதாகவே தொடுகிறது.

இத்துறையில் நூல்களுக்குப் பஞ்சமில்லை. தலைவருக்கு வேண்டிய பண்புகள் ஏழு என்பாரும் பத்து என்பாரும் உளர். துணிவு, நேர்மை, தொலைநோக்கு, விடாமுயற்சி என அடுக்கிச் செல்லும் அப்பட்டியல்களை மறுக்க முடியாது. அவற்றால் பயனும் அதிகமில்லை. ஒரு மனிதரின் வாழ்வை எடுத்துக்கொண்டு, அவர் அன்றாடம் என்ன செய்தார், எங்கே வென்றார், எங்கே தவறினார் என்று நோக்குவதே நமக்கு ஏற்ற முறை. வேதாகமமும் யோசேப்பையும் நெகேமியாவையும் அவ்விதமே நமக்குக் காட்டுகிறது.

அத்தகைய ஒருவர் நமக்கு மிக அருகிலேயே வாழ்ந்திருக்கிறார். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் சிறிது நேரப் பேருந்துப் பயணத்தில் அடையக்கூடிய புதுச்சேரியில், பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளையே அவர். 1709இல் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார், யாதவ குலத்தவர், வைணவர். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும் காலம் வரை ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். 1846இல் கண்டெடுக்கப்பட்ட இக்குறிப்புகள் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. வரலாற்று மாணவர் இவற்றில் போர்களைத் தேடுவர். நாம் தேடுவது ஒரு வணிகரின் பழக்கவழக்கங்களை.

முதலாவதாக நோக்கத்தக்கது, எழுதும் பழக்கம். கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும் எழுதி வைப்பதென்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டு அவர் எழுதினார். இலக்கியத் தமிழில் அல்ல, பேச்சும் கணக்கும் கலந்த தமிழில். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன கேட்டார், துரை என்ன முகத்தோடு விடை சொன்னார் என்பன எல்லாம் அதில் இருக்கின்றன. மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் 1967இல் வெளியிட்ட தம் நூலில், செயல் திறமையுள்ள நிர்வாகி திட்டத்திலிருந்து தொடங்குவதில்லை, தம் நேரம் எங்கே போகிறதென்று எழுதிப் பார்ப்பதிலிருந்தே தொடங்குகிறார் என்று வற்புறுத்தினார். அமெரிக்காவில் அது புதிய போதனையாக வரவேற்கப்பட்டது. நம் பக்கத்து மண்டிக்காரருக்கு அது புதிதன்று. சிட்டையில் குறித்து, அன்றிரவே நாள்வழியில் ஏற்றி, அங்கிருந்து பேரேட்டுக்குக் கொண்டுபோகாமல் உறங்கப் போகாத வணிகர்கள் இவ்விரு ஊர்களிலும் இருந்தனர். இன்று கைப்பேசியிலேயே பணம் வந்து சேர்கிறது; கணிப்பொறி கணக்கை முடித்துவிடுகிறது. ஆயினும் எந்த வாடிக்கையாளர் ஏன் மூன்று வாரமாக வரவில்லை என்பதை எந்தக் கணிப்பொறியும் தானாகக் குறித்து வைப்பதில்லை. பிள்ளை குறித்து வைத்தது அத்தகைய செய்திகளையே.

இரண்டாவது, சரக்கை அறிதல். ஆளுநர் லெனுவாரின் காலத்தில் பரங்கிப்பேட்டையிலிருந்த பிரெஞ்சுப் பண்டகசாலையின் பொறுப்பு இளைஞரான அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நீலத்துணி நெய்வித்தலும் சாயம் தோய்த்தலும் அங்கே நடந்தன. ஐரோப்பியச் சரக்கைக் கொடுத்துத் துணியைப் பெறுவதற்காக ஆற்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் கடைகளை ஏற்படுத்தினார். அக்காலத் துணி வணிகம் இயங்கிய முறையைச் சற்று விளக்குதல் தகும். கும்பினி இத்தனை கட்டுத் துணி வேண்டுமென்று வணிகரோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுக்கும். வணிகர் அதைத் தரகர் வழியாக நெசவாளருக்குக் கொடுப்பர். நெசவாளர் அதைக்கொண்டு நூல் வாங்குவார். துணி அறுக்கும் வரை அவர் குடும்பம் உண்பதும் அப்பணத்திலேயே. துணி வந்தபின் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பர். தரம் குறைந்தது தள்ளப்படும். பருவக்காற்று மாறுமுன் கப்பல் புறப்பட்டாக வேண்டும். பிரான்சிலிருந்து வெள்ளி வரத் தாமதமானால் முன்பணம் இல்லை. முன்பணம் இல்லையேல் தறி ஓடாது. ஆகவே இவ்வணிகத்தின் உயிர் பணத்தில் மட்டும் இல்லை. பணம் வராத மாதங்களில் யாருடைய சொல்லை நம்பி வணிகரும் நெசவாளரும் காத்திருப்பர் என்பதிலேயே இருந்தது. பிள்ளையின் மதிப்பு அங்கேதான் தெரிந்தது. துணியின் இழையையும் அறிவார். அதைக் கொண்டுவரும் செட்டியாரின் நிலைமையையும் அறிவார். ஆனந்தப்புரவி என்னும் சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது என்பர்.

நாணயம் என்னும் தமிழ்ச் சொல் காசையும் குறிக்கிறது, நம்பத்தக்க தன்மையையும் குறிக்கிறது. இதை நம் வணிகருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. புரோட்டஸ்டாண்டு ஒழுக்கமே நவீன முதலாளித்துவத்தின் மனப்பாங்கை உருவாக்கத் துணைசெய்தது என்று மாக்ஸ் வேபர் 1904-05இல் எழுதியதை நம் மாணவர் தேர்வுக்கென்று படிக்கின்றனர். சிலர் சற்றுப் பெருமையோடும் படிக்கின்றனர். சிக்கனம், கணக்கு, காலந்தவறாமை, சொன்ன சொல் காத்தல் ஆகிய பழக்கங்கள் ஜெனீவாவைக் கேள்விப்படாத ஒரு வைணவரிடம் முழுமையாக இருந்ததை அவர்கள் உடன் வைத்துப் பார்ப்பது நல்லது. கிரகநிலைகளையும் அதிர்ஷ்டத்தையும் அவர் மிகுதியாக நம்பினார் என்பதும் உண்மையே. நாட்குறிப்பில் வெற்றி தோல்விகள் பல கிரகங்களின் கணக்கில் எழுதப்பட்டுள்ளன. அதனால் அவர் கப்பற்கணக்கு பிசகியதாகத் தெரியவில்லை.

மூன்றாவது பண்பு, மேலிருப்பவரின் மனத்தை அறிந்து காத்திருக்கும் பொறுமை. தலைமைத் துபாஷியாயிருந்த கனகராய முதலியார் 1746இல் இறந்தார். பதவிக்குப் போட்டியிட்டோர் பலர். ஆளுநர் டூப்ளேயின் மனைவிக்குப் பணம் கொடுத்துக் காரியம் சாதிக்க முயன்றோரைப் பற்றியெல்லாம் பிள்ளை ஒளிவின்றி எழுதுகிறார். தலைமைப் பதவி 1747இல் அவருக்குக் கிடைத்தது. 1749இல் முசாபர் ஜங் அவருக்குப் பட்டங்களும் விருதுகளும் அளித்தார். காலையில் ஆளுநர் எந்நிலையில் இருக்கிறார், இச்செய்தியை இன்று சொல்லலாமா, நாளை சொல்லலாமா என்று எடைபோடும் திறமை அவரிடம் வியக்கத்தக்க அளவில் இருந்தது.

அதே திறமையில்தான் அவருடைய குறையும் இருந்தது என்பது எமது கருத்து. எல்லாவற்றையும் அறிந்த அம்மனிதர், தம் எசமானிடம் “இது கூடாது” என்று உறுதியாகச் சொல்லி நின்ற இடங்கள் மிகச் சில. டூப்ளேயின் போர்க்கொள்கை வணிகத்திற்கு நஞ்சாயிற்று. அப்போர்கள் நடந்த நிலம் எதுவென்று நம் மாணவர் அறிவரா? 1750இல் செஞ்சிக்கோட்டையைப் புஸ்ஸி பிடித்தார். 1752இல் விக்கிரவாண்டியில் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரிடம் தோற்றுப் பின்வாங்கியது. சில வாரங்களில் பாகூரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1760இல் வந்தவாசியில் பெரும்போர் முடிந்தபின் திண்டிவனத்தை அடுத்த பெருமுக்கல் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று நாற்சாலையில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்வோர் ஒரு மணி நேரத்திற்குள் கடந்துவிடும் நிலம் இது. அக்காலத்தில் படைகள் முன்னும் பின்னும் சென்ற வழியில் விளைச்சலும் நிற்கவில்லை, தறியும் ஓடவில்லை. துணி வணிகத்தால் உயர்ந்தவர், துணி நெய்வோரின் ஊர்களை அழிக்கும் ஓர் அரசியலுக்குத் தம் அறிவையும் தொடர்புகளையும் கடனாகக் கொடுத்தார்.

இவ்விடத்தில் யோசேப்பை நினைவுகூர்வது தகும். ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தின் யோசேப்பைக் குறித்து நாம் ஓயாது பிரசங்கிக்கிறோம். முன்னறிவு, சேமிப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்கு அவனே மாதிரி. 47ஆம் அதிகாரத்தை வாசிப்போர் குறைவு. அதே களஞ்சியங்களைக் கொண்டே அவன் எகிப்தியரின் பணத்தையும், பின்பு மிருகஜீவன்களையும், பின்பு நிலத்தையும் பார்வோனுக்கு வாங்கிக் கொடுத்து, மக்களைப் பார்வோனுக்கு அடிமைகளாக்குகிறான். திறமையில் ஒரு குறையும் இல்லை. யாருக்காக அத்திறமை என்ற வினாவே அங்கு எழவில்லை. நெகேமியா 5ஆம் அதிகாரம் வேறொரு தலைவரைக் காட்டுகிறது. கடன்பட்டோரின் கூக்குரலைக் கேட்டவுடன் அவர் தம் இனத்துப் பெரியோரையே கடிந்துகொண்டு, வட்டியை விட்டுவிடச் செய்கிறார். அதிபதிக்குரிய படியையும் தாம் வாங்காதிருக்கிறார். மதிலை இராக்காலத்தில் சுற்றிப்பார்த்து நிலைமையை அறிந்த அதே நிர்வாகிதான் இதையும் செய்கிறார். கணக்கறிவும் மறுத்துச் சொல்லும் வலிமையும் ஒரே ஆளிடத்தில் கூடியிருக்க முடியும்.

பிள்ளை மறுத்துப் பேசத் தயங்கியதற்குக் காரணம் இருந்தது; அதில் கிறிஸ்தவ குருமாருக்கும் பங்குண்டு என்பதை இவ்வேட்டில் மறைப்பது சரியன்று. அவருடைய மாமன் நைனியப்ப பிள்ளை புதுச்சேரியின் பெருவணிகராயும் துபாஷியாயும் இருந்தவர். 1716இல் அவரைச் சிறையிலிட்டுக் கசையடி கொடுத்தனர். 1717இல் சிறையிலேயே இறந்தார். அவ்வீழ்ச்சியின் பின்னே யேசு சபைக் குருமாரின் வற்புறுத்தல் இருந்தது. பின்னர் அத்தீர்ப்பு நீக்கப்பட்டது. ஆனால் மாண்டவர் மீளவில்லை. அவர் மகன் குருவப்பிள்ளை பிரான்சுக்குச் சென்று முறையிட்டார். அங்கே திருமுழுக்கும் அரச விருதும் பெற்றுத் திரும்பினார். இக்குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, பதவி எத்துணை எளிதில் விலங்காக மாறும் என்பது பிறர் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று. 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது தலைமைத் துபாஷியாயிருந்தும் அவரால் அதைத் தடுக்க இயலவில்லை. நடந்ததை வேதனையோடு எழுதி வைத்தார்.

இன்னொரு பதிவும் நம் கவனத்திற்குரியது. 1745இல் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரைக் குறித்துத் தாழ்த்தப்பட்டோர் குருவிடம் துணிந்து முறையிட, அச்சுவர் இடிக்கப்பட்ட செய்தியை அவர் குறித்துள்ளார். எழுதியவருக்கு அவர்கள்மேல் பரிவு இருந்ததாகச் சொல்ல முடியாது. அவர் தம் காலத்துச் சாதி உணர்வில் ஊறியவர். ஆயினும் எழுதினார். தமக்குப் பிடிக்காததையும் பதிவு செய்யும் பழக்கம் இருந்தமையால், அம்முறையீட்டை இன்று நாம் அறிகிறோம். நிர்வாகிக்கு இது சிறிய பண்பன்று. தமக்குச் சாதகமான செய்தியை மட்டும் அறிக்கையில் ஏற்றும் தலைவர், சிறிது காலத்தில் சாதகமான செய்தியை மட்டுமே கேட்கத் தொடங்குவார். சபைகளின் ஆண்டறிக்கைகளை வாசிப்போருக்கு இதை விளக்கவேண்டுவதில்லை.

மாணவர்களை நாம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பயிற்சிக்கு அனுப்பப்படும்போது, அறுவடைக் காலத்தில் ஒரு முற்பகலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கழியுங்கள். மல்லாட்டை மூட்டை அவிழ்க்கப்பட்டதும் வணிகர் ஒரு கைப்பிடி எடுத்து, ஓட்டை உடைத்து, பருப்பைத் தேய்த்துப் பார்த்து விலை குறிப்பதைக் கவனியுங்கள். விற்க வந்த உழவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும் கவனியுங்கள். அன்று மாலை அவ்வணிகரைச் சந்திக்க நேர்ந்தால், நன்கொடையைப் பற்றிப் பேசாதீர்கள். இவ்வாரம் எந்தக் கடனை வசூலிக்கத் தயங்கினார், எந்தச் சரக்கை விலை கூடியும் வாங்க மறுத்தார், வேலையாட்களில் யாருக்கு எதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருக்கிறார் என்று கேளுங்கள். இத்தகைய கேள்வியைப் போதகரிடமிருந்து கேட்டறியாத வணிகர் முதலில் திகைப்பார். பின்பு பேசுவார், நெடுநேரம் பேசுவார். ஆமோஸ் 8ஆம் அதிகாரத்தையும் லூக்கா 16இன் உக்கிராணக்காரனையும் அதன்பின் வாசித்தால், அப்பகுதிகளின் கூர்மை வேறாக விளங்கும்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் இறுதி ஆண்டுகள் துயரமானவை. 1754இல் டூப்ளே திரும்ப அழைக்கப்பட்டபின் அவர் செல்வாக்குத் தளர்ந்தது, 1756இல் பதவியும் போயிற்று, உடல்நலமும் குன்றியது. வர வேண்டிய கடன்கள் வரவில்லை. வந்தவாசிப் போருக்குப்பின் ஆங்கிலப் படை புதுச்சேரியைச் சூழ்ந்தது; நகரத்தில் உணவில்லை. அப்போதும் எழுதினார். 1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் உயிர் பிரிந்தது; வயது ஐம்பத்தொன்று. அவருக்குப்பின் அவர் குடும்பத்தைச் சேர்ந்த திருவேங்கடம் பிள்ளை நாட்குறிப்பைத் தொடர்ந்து எழுதினார்.