பழைய வெள்ளிப் பதக்கம் வாங்குகிறீர்களா? முதலில் காகிதத்தைக் கேளுங்கள்

சிப்காட் தொழிற்பேட்டை போனஸ் கைக்கு வந்த நேரம் பார்த்து ஒருவர், “பிரிட்டிஷ் காலத்து விளையாட்டுப் பதக்கம், சுத்த வெள்ளி, வைத்திருந்தால் பல மடங்கு ஏறும்” என்று பெங்களூருவிலிருந்து படம் அனுப்பலாம். பணம் போடும் முன், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கெலவரப்பள்ளி வட்டாரத்துச் சேமிப்பாளர்கள் அறிய வேண்டியவை இவை.

எதற்கு விலை கொடுக்கிறோம்?

20 கிராம் எடையுள்ள 925 தரப் பதக்கத்தில் சுத்த வெள்ளி 18.5 கிராம்தான். அந்த வெள்ளியின் விலைக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பதக்கத்தை வென்றவருக்காகவும் வென்ற போட்டிக்காகவும் கொடுப்பது. அதற்குச் சான்று இல்லையென்றால், விற்கும்போது உருக்கு வெள்ளி விலைதான் மிஞ்சும்.

வெள்ளிதானா?

பதக்கத்தின் விளிம்பையும் பின்புறத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். ஆங்கிலேயர் முத்திரையில் நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளியைக் குறிக்கும். நங்கூரம் பர்மிங்காம், சிறுத்தைத் தலை லண்டன், தனி எழுத்து ஆண்டு. ‘இ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெறும் முலாம். ஜெர்மன் சில்வரில் வெள்ளியே கிடையாது.

முத்திரையையும் போலியாக அடிக்கலாம். அதனால் எடைத் தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, நூலில் கட்டிய பதக்கத்தை அடியில் படாமல் முழுக்குங்கள். 31 கிராம் பதக்கம் 925 வெள்ளியானால் தராசு ஏறத்தாழ 3 கிராம் கூடுதலாகக் காட்டும். ஜெர்மன் சில்வரானால் சுமார் 3.6 கிராம். ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்கதிரால் தரம் பார்க்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிப்பதால், கனமான முலாம் அதையும் ஏமாற்றும். இரண்டு சோதனையும் செய்யுங்கள். பாலீஷ் மட்டும் போடாதீர்கள். பழைமையின் மதிப்பு அதோடு போய்விடும்.

யாருடையது?

1948, 1952, 1956 ஒலிம்பிக்குகளில் ஹாக்கித் தங்கம் வென்ற பல்பீர் சிங், அருங்காட்சியகத்துக்கென 1985இல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் 36 பதக்கங்களை ஒப்படைத்தார். பின்னாளில் கேட்டபோது அவை அங்கு இல்லை. 2020இல் அவர் இறக்கும்வரை திரும்பி வரவேயில்லை. காணாமல்போன இத்தகைய பதக்கம் நாளை யார் கையிலும் விற்பனைக்கு வரலாம்.

திருடியவரிடமிருந்து வாங்கியவருக்கு உரிமை வராது என்பதே 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது விதி. உரியவர் கேட்டால் பொருளும் போகும், பணமும் போகும். திருட்டுப் பொருள் எனத் தெரிந்தோ, சந்தேகிக்கக் காரணமிருந்தோ வாங்கினால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317இன்படி 3 ஆண்டுவரை சிறை.

நூறாண்டு தாண்டினால்

நூறாண்டைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. விற்பனைத் தொழிலுக்கு உரிமம் தேவை. எனவே, லண்டன் ஏல விலையைக் காட்டி ஆசைப்படுத்துபவரை நம்பாதீர்கள். அந்தச் சந்தை உங்களுக்குத் திறக்காது.

ஏமாந்தால்

எடை, தரம், காலம், முந்தைய உரிமையாளர் விவரம், திரும்ப எடுக்கும் நிபந்தனை ஆகியவற்றை எழுதிய பில் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியே மட்டும் செலுத்துங்கள். இவை இருந்தால் வழி உண்டு:

• தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

• விற்றவர் கர்நாடகத்தில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுக்குள் அணுக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், மறுவிற்பனைக்கென்றே வாங்குபவரை இச்சட்டம் நுகர்வோராக ஏற்காது. அவருக்கு உரிமையியல் நீதிமன்றம்தான்.

• இணையவழியில் பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்புண்டு.

வியர்வை சிந்தி ஒருவர் வென்ற பதக்கத்தைப் போற்றி வாங்குவது நல்ல ஆசை. ஆனால் குடும்பத்தின் அவசரச் செலவுக்கான பணத்தை அதில் முடக்காதீர்கள். பில் தர மறுப்பவரிடம் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.