இசட் புள்ளிக்குள் இருக்கும் மற்றவர்கள்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து கிழக்கே போகும் கண்டி–மகியங்கனை வீதி, உடுதும்பர தாண்டியதும் பதினெட்டு வளைவுகள் என்று பெயர்பெற்ற பகுதியில் மலையிறங்குகிறது. கீழே ஹசலக்க. அதையும் கடந்து மகாவலிப் பாலத்தைத் தாண்டினால் மகியங்கனை. பஸ்ஸில் போகிறவருக்குக் குளிர் போய் வெக்கை வரும், அவ்வளவுதான். உயர்தரம் எழுதிய பிள்ளைக்கோ அந்த ஆற்றில் இன்னொன்றும் மாறுகிறது. இக்கரை கண்டி மாவட்டம், அக்கரை பதுளை மாவட்டம். இரு கரைகளிலும் ஒரே நாளில் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்; இசட் புள்ளி கணக்கிடும் முறையும் ஒன்றேதான். இருந்தும் இக்கரைப் பிள்ளைக்கு மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போதாமல் போன புள்ளி, அக்கரைப் பிள்ளைக்குப் போதுமானதாக இருக்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்பதை வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருக்கும் வீடுகளில்கூடப் பலர் முழுமையாக அறிவதில்லை. அறிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இதற்குள் ஓர் அழகான கணிதமும் இருக்கிறது, ஐம்பது ஆண்டு வரலாறும் இருக்கிறது.

முதலில் அடிப்படைத் தகுதி. உயர்தரத்தில் மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ் சித்தி வேண்டும். பொது சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைக்கு மேல் எழுதிப் பயனில்லை. இந்தத் தகுதியைப் பெறுபவர்களில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடையாது. ஆகவே தகுதி பெறுவது வாசல்தான். உள்ளே யார் போவது என்பதை முடிவுசெய்வது நான்கு தசமதானங்கள் வரை அச்சிடப்படும் ஒரே ஓர் எண்: இசட் புள்ளி.

தேயிலை மலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். நல்ல மழைக் காலத்தில் ஒருவர் 25 கிலோ பறிக்கிறார். வறட்சி மாதத்தில், கவ்வாத்து வெட்டி அதிக நாளாகாத இன்னொரு மலையில், வேறொருவர் 14 கிலோ பறிக்கிறார். யாருடைய கை வேகமானது? கிலோக் கணக்கு இதைச் சொல்லாது. அன்று அந்த மலையில் நின்ற மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு பறித்தார்கள், ஒருவருக்கொருவர் எவ்வளவு வித்தியாசப்பட்டார்கள் என்பது தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். எல்லோரும் 9, 10 கிலோவிலேயே நின்ற மலையில் 14 என்பது பெரிய விஷயம்.

இசட் புள்ளி செய்வது இதையேதான். ஒரு பாடத்தை எழுதிய நாட்டின் எல்லாப் பரீட்சார்த்திகளின் புள்ளிகளையும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். ஒவ்வொருவரும் அந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்று பார்த்து, விலகல்களை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் காண்கிறார்கள். அதுதான் நியம விலகல். 1890களில் இங்கிலாந்தின் கார்ல் பியர்சன் பெயர் சூட்டிய அளவை இது. உங்கள் புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து, மீதியை நியம விலகலால் வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி வரும். மூன்று பாடங்களின் சராசரிதான் பெறுபேற்றுத் தாளில் வருவது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரசாயனவியலின் சராசரி 40, நியம விலகல் 16. உயிரியலின் சராசரி 58, நியம விலகல் 10. பௌதிகவியலின் சராசரி 45, நியம விலகல் 15. ஒரு மாணவி முறையே 64, 68, 63 எடுக்கிறாள். மொத்தம் 195. இசட் புள்ளிகள் 1.5, 1.0, 1.2, அவற்றின் சராசரி 1.2333. இன்னொருத்தி 56, 78, 61 எடுக்கிறாள். அவளுக்கும் மொத்தம் 195தான். ஆனால் அவளுடைய இசட் புள்ளி 1.3556. எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும் உயிரியலில் கூட்டத்தைவிட்டு வெகுதூரம் முன்னே வந்தவள் அவள். பழைய மொத்தப் புள்ளி முறையில் இந்த இருவரும் சமம்.

இதே கணக்கில் இன்னொரு விசித்திரமும் ஒளிந்திருக்கிறது. மேற்சொன்ன உயிரியலில் 100க்கு 100 எடுத்தால் இசட் புள்ளி 4.2. சராசரி 70, நியம விலகல் 12 என்று அமைந்த ஒரு பாடத்தில் 100 எடுத்தாலும் 2.5க்கு மேல் போகவே முடியாது. எந்தப் பாடத்திலும் உச்சவரம்பை நீங்கள் தீர்மானிப்பதில்லை. உங்களோடு எழுதியவர்கள் தீர்மானிக்கிறார்கள்.

நான்கு தசமதானம் எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. புள்ளிகள் மணி வடிவில் பரவியிருந்தால், இசட் 1க்கு மேல் நூற்றுக்குப் பதினாறு பேர் இருப்பார்கள், 2க்கு மேல் இரண்டு பேரளவில், 3க்கு மேல் ஆயிரத்துக்கு ஒருவர் சொச்சம். 40,000 பேர் எழுதும் ஒரு பாடத்தில் 2.0க்கும் 2.1க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ 200 பேர் நிற்பார்கள். 0.001 என்ற மயிரிழை இடைவெளியில்கூட இரண்டு பேர். மூன்றாம் தசமத்தில் ஒரு பிள்ளை பின்தங்குவது திறமைக் குறைவைக் காட்டுவதாக நான் நினைக்கவில்லை. ஒரு பல்தேர்வு வினாவில் பேனா எந்தக் கட்டத்தில் நின்றது என்பதே அந்த அளவு வித்தியாசத்தைத் தந்துவிடும். இது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய விஷயம், பெற்றோருக்கு அதைவிட முக்கியமாக.

இந்த முறையை 2001இல் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவர வழிகாட்டியவர் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். ஹுன்னஸ்கிரியவிலிருந்து கண்டிக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்தால் இறங்கக்கூடிய இடத்தில்தான் நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் விதியையும் எழுதும் சூத்திரம் உருப்பெற்றிருக்கிறது. அதற்குச் சற்று முன்புதான் உயர்தரத்தின் நான்கு பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்டிருந்தன. வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை அப்படியே கூட்டுவது நியாயமில்லை என்பதே இசட் புள்ளிக்கான வாதம். வலுவான வாதம்.

எந்த அளவையும் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. இசட் புள்ளியின் அனுமானம் இது: இரண்டு பாடங்களை எழுதிய இரண்டு கூட்டங்களும் திறமையில் ஏறத்தாழச் சமம், சராசரி வேறுபடுவதற்கு வினாத்தாளே காரணம், மாணவர்கள் அல்ல. அந்த அனுமானம் பொருந்தும்வரை கணக்கு நியாயமாக ஓடும். கலைப்பிரிவின் 1.5ஐயும் கணிதப்பிரிவின் 1.5ஐயும் ஒப்பிடக்கூடாது என்பதற்குக் காரணமும் அதுவே. அவை வேறு கூட்டங்கள்.

இங்கேதான் நம் வரலாறு குறுக்கே வருகிறது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 400க்கு 250 புள்ளி தேவைப்பட்டது. சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 229 போதுமாக இருந்தது. பேராதனைப் பொறியியலுக்கு 250க்கு எதிரே 227. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் எந்தக் கணிதமும் இருக்கவில்லை. 1973இல் கணிதம் வந்தது. மொழிமூலத்தின்படி மாணவர்களை இரு கூட்டங்களாகப் பிரித்து, புள்ளிகளைப் பொது அளவுக்கு மாற்றினார்கள். இன்று பாடத்துக்குப் பாடம் செய்வதை அன்று மொழிக்கு மொழி செய்தார்கள். தரப்படுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் தமிழர் மனம் சுருங்குவது இதனால்தான். சராசரியும் விலகலும் அன்றும் இன்றும் ஒரே இனக் கருவிகள். கோடு எங்கே கிழிக்கப்பட்டது என்பதில்தான் அநீதி இருந்தது. இரசாயனவியல் எழுதியவரையும் உயிரியல் எழுதியவரையும் பிரித்து அளப்பதற்கு வினாத்தாள் வேறு என்ற காரணம் உண்டு. பரீட்சை எழுதிய மொழியை வைத்துப் பிரிப்பதற்கு அப்படியொரு காரணம் கிடையாது. ஒரு தலைமுறையின் நம்பிக்கையை உடைத்த கோடு அது.

1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணமும் கொழும்பும் இடங்களை இழந்தன, பின்தங்கிய மாவட்டங்கள் பெற்றன. விகிதங்கள் பிறகு பலமுறை மாறின.

கூட்டத்தைத் தவறாகப் பிரிப்பது மட்டும் பிழையல்ல, பிரிக்க வேண்டியதைச் சேர்ப்பதும் பிழைதான். 2011 உயர்தரத்தில் முதல் தடவை எழுதியவர்கள் புதிய பாடத்திட்டத்திலும், மீண்டும் எழுதியவர்கள் பழைய பாடத்திட்டத்திலும் தோற்றினார்கள். வினாத்தாள்கள் வேறு. ஆனால் இசட் புள்ளி கணக்கிட்டபோது இரு கூட்டங்களின் சராசரிகளையும் விலகல்களையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். ஒரு வினாத்தாள் கடினமாக அமைந்திருந்தால், அதை எழுதியவர்கள் தங்களுடையதைவிட இலகுவான தாளை எழுதியவர்களோடு ஒரே சராசரியில் அளக்கப்படுவார்கள். பெற்றோரும் மாணவரும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2012 ஜூனில் அந்தக் கணக்கு செல்லாது என்றும், இரு கூட்டங்களையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. நியம விலகலை எப்படிக் கணிப்பது என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் வாதிடப்பட்ட அந்த மாதங்களில், புள்ளியியல் என்பது பாடப்புத்தகத்தின் கடைசி அத்தியாயம் அல்ல என்பது இலங்கை முழுவதற்கும் புரிந்தது.

இப்போது மகாவலிப் பாலத்துக்கு வருவோம். கலைப்பிரிவுக் கற்கைநெறிகள் பொதுவாகத் தீவு முழுவதற்குமான திறமை வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. மற்றவற்றில் பெரும்பாலும் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கு, 55 சதவீதம் இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி, மீதி 5 சதவீதம் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட பதினாறு மாவட்டங்களுக்கு. பதுளை அந்தப் பதினாறில் ஒன்று. நுவரெலியாவும் உண்டு. கண்டி இல்லை.

100 இடங்கள் உள்ள ஒரு கற்கைநெறியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் 2 கோடி 3 லட்சம் சொச்சம் மக்களில் கண்டி மாவட்டத்தில் 13 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஏழு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. 55 இடங்களில் கண்டிக்கு நான்கு இடங்களளவில் வரும், பதுளைக்கு இரண்டளவில். முதலில் திறமை வரிசையில் தேறியவர்கள் விலக்கப்பட்டு, எஞ்சியவர்களிலிருந்து இந்த நால்வர் எடுக்கப்படுவார்கள். நான்காவது ஆளின் இசட் புள்ளிதான் கண்டியின் வெட்டுப்புள்ளி.

அந்த நால்வருக்கான வரிசையில் கண்டி நகரத்தின் பெயர்பெற்ற பாடசாலைப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஆய்வுகூடமும் உண்டு, நடந்துபோகும் தூரத்தில் டியூஷனும் உண்டு. நக்கிள்ஸ் மலையடிவாரத்தில், தோட்ட லயத்திலிருந்து விடியுமுன் இறங்கி பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளையும் அதே வரிசையில்தான். அதே போன்ற லயத்தில், அதே போன்ற தோட்டத்தில் பிறந்த பிள்ளை நுவரெலியா மாவட்டத்துப் பாடசாலையில் படித்திருந்தால், வேறு வரிசையில் நின்றிருக்கும். அந்த 5 சதவீதத்திலும் பங்கு இருந்திருக்கும். மாவட்ட எல்லைகள் நிர்வாகத்துக்காகக் கிழிக்கப்பட்டவை. வறுமையும் ஆசிரியர் பற்றாக்குறையும் அந்தக் கோடுகளைப் பார்த்து நிற்பதில்லை.

அப்படியானால் சிறிய வட்டமாகக் கிழிக்கலாமே, கல்வி வலயத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைக்கலாமே என்று தோன்றும். புள்ளியியல் அங்கே தடுக்கிறது. கூட்டம் சிறுத்தால் எண் ஆட்டம் காணும். ஒரு வட்டத்துக்கு ஒரே ஓர் இடம் என்றால் வெட்டுப்புள்ளி என்பது ஒரு தனிப் பிள்ளையின் புள்ளிதான். ஓர் ஆண்டு கெட்டிக்காரி ஒருத்தி எழுதினால் அது ஏறும், மறு ஆண்டு அதலபாதாளத்தில் விழும். இடங்கள் குறைந்த மாவட்டங்களில் இந்த ஏற்ற இறக்கத்துக்கு இன்றே இடமுண்டு. 55 சதவீதத்தை இன்னும் துண்டாக்குவது நியாயத்தைக் கூட்டாது, அதிர்ஷ்டத்தின் பங்கைத்தான் கூட்டும்.

அந்த 5 சதவீதத்தின் கதை வேறு. அது சனத்தொகைக் கணக்கல்ல, குறைந்த வசதிக்கான ஈடு. வசதி என்பது மாவட்டத்தில் இல்லை, பாடசாலையில் இருக்கிறது. கல்வி அமைச்சே பாடசாலைகளை வகைப்படுத்தி வைத்திருக்கிறது: 1ஏபி என்றால் விஞ்ஞானம் உட்பட உயர்தரப் பிரிவுகள் உண்டு, 1சி என்றால் கலையும் வர்த்தகமும் மட்டும், வகை 2இல் உயர்தரமே இல்லை. ஒரு பிள்ளை சாதாரண தரம் வரை எந்த வகைப் பாடசாலையில் படித்தது, உயர்தர விஞ்ஞானத்துக்காக எவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது என்பதெல்லாம் பாடசாலைப் பதிவேடுகளிலேயே கிடைக்கும் தகவல்கள். பதினாறு மாவட்டப் பெயர்களுக்குப் பதிலாக அந்தப் பதிவேடுகளைக் கொண்டு 5 சதவீதத்தைப் பங்கிட்டால், பதுளை நகரின் வசதியான பாடசாலையும் மலைமுடியின் தோட்டப் பாடசாலையும் ஒன்றாகக் கருதப்படாது. ஹுன்னஸ்கிரியப் பிள்ளையும் கணக்குக்குள் வருவாள். சூத்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது பட்டியலை மட்டும்தான். அதைச் செய்யும் பொறுப்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் அரசாங்கத்திடமும் இருக்கிறது.