தரங்கம்பாடி: ஒரே தெருவில் 225 ஆண்டுகள்

பூம்புகாருக்குத் தெற்கே, காரைக்காலுக்கு வடக்கே, மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில் இருக்கிறது தரங்கம்பாடி. ஐரோப்பிய ஆவணங்களில் இதன் பெயர் டிராங்கிபார். விடுமுறை நாள்களில் வரும் வண்டிகள் நேரே டேனிஷ் கோட்டையடியில் போய் நிற்கின்றன. கோட்டையையும் அலையையும் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் பலர் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதி ஊரைக்கூடப் பார்த்ததாகாது. 1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர வாசலிலேயே இறங்கி, கடலை நோக்கிப் போகும் ராஜ வீதியில் நடந்தால்தான் ஊர் பிடிபடும்.

ஊரின் மிகப் பழைய கட்டடம் கோட்டையன்று. அலை தொடும் தூரத்தில் நிற்கும் மாசிலாமணி நாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டப்பட்டது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. டேனிஷ் கப்பல் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது வணிகர்களும் மீனவர்களும் வாழ்ந்த துறை என்பதற்கு இந்தக் கோயிலே சாட்சி.

டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியான் 1616இல் கிழக்கிந்திய கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். ஓவே ஜெட்டே தலைமையில் புறப்பட்ட கப்பல்கள் முதலில் நாடியது இலங்கையை. கண்டி அரசரோடு எண்ணியபடி காரியம் கைகூடாததால், தஞ்சை இரகுநாத நாயக்கரோடு 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. மிளகு வாணிகம்தான் நோக்கம். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தமிழில் அனுப்பிய பொன்னோலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. உடன்படிக்கை ஆன கையோடு டான்ஸ்போர்க் கோட்டையின் வேலையும் தொடங்கியது. கீழ்த்தளத்தில் கிடங்கு, சமையற்கட்டு, சிறை. மேல்தளத்தில் ஆளுநரின் இருப்பிடம். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் அங்கே செயல்படுகிறது.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. ஐரோப்பியப் போர்களில் சிக்கிக் கையில் காசில்லாமல் போன டென்மார்க், கால் நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே ஒரு கப்பல்கூட அனுப்பவில்லை. 1650இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. இருந்த அதிகாரிகள் ஒவ்வொருவராக இறந்துபோக, 1655இல் பொறுப்பு எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒருவரின் தோளில் விழுந்தது. உள்ளூர் மக்களின் துணையோடு அவர் கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படைகளைத் தடுத்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் கடைசியாக ஒரு கப்பல் வந்து சேர்ந்தபோது, கோட்டையில் டென்மார்க்கின் கொடி இறங்காமல் பறந்துகொண்டிருந்தது. டேனிஷ் ஆட்சி இங்கே நிலைத்ததற்குப் பீரங்கியைவிட உள்ளூர்க்காரர்களே பெரிய காரணம்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் நெருக்கமானது வேறொரு கதையால். மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரியார்கள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலையில் கரையிறங்கினார்கள். சீகன்பால்கு பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார்; ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். கோட்டைத் தளபதியோடு மோதல் முற்றி, 1708இன் இறுதியில் தொடங்கி நான்கு மாதம் சிறையும் இருந்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்த மிஷன் மேலிடம் அச்சிட விரும்பவில்லை. 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது.

தமிழின் முதல் அச்சு நூல் இங்கே வந்ததாகச் சிலர் சொல்வது சரியன்று. 'தம்பிரான் வணக்கம்' 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. ஆனால் அச்சுத் தொழில் தொடர்ந்து நடந்த பட்டறை தரங்கம்பாடியுடையது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரமும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகள் பெரியவை; காகிதத்தைத் தின்றன. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. 1719இல் இறந்த சீகன்பால்கு, அதற்கு முந்தைய ஆண்டு தாம் கட்டிமுடித்த புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ராஜ வீதியில் உள்ள இந்த ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. 1701இல் டேனியர் தங்களுக்கெனக் கட்டிய சீயோன் ஆலயமும் அதே வீதியில்தான். இந்த மிஷன் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் திருச்சிக்குப் போய்விட்டாலும், அதன் பேராயருக்கு இன்றும் 'தரங்கம்பாடிப் பேராயர்' என்றே பட்டம்.

பிற நாடுகள் போரிட்டபோது நடுநிலைக் கொடியின் கீழ் நடந்த வாணிகத்தால் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் செழித்தது. வீதியின் பெரிய வீடுகள் பல அக்காலத்தவை. நெப்போலியன் போர்களில் டென்மார்க்கும் சிக்க, 1808 முதல் 1815 வரை ஊர் ஆங்கிலேயர் கையில் இருந்தது. திரும்பக் கிடைத்தபோது வாணிகம் போயிருந்தது. 1845இல் வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இவ்வூர் மீனவர் குடியிருப்பைச் சிதைத்தது. பின்வந்த ஆண்டுகளில் டேனிஷ் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு ஆளுநர் மாளிகை பழைய முறையில் செப்பனிடப்பட்டது. கோட்டைக்கு முன்னுள்ள திடலிலிருந்து மாளிகையின் தூண்களைக் காணலாம்.

1926இல் மயிலாடுதுறையிலிருந்து இங்கே ஓடத்தொடங்கிய ரயில் 1980களில் நின்றுபோனது, இப்போது பேருந்துதான். திரும்பும் வழியில் பொறையாறு வரும். அச்சகத்துக்காகச் சீகன்பால்கு அங்கே காகித ஆலை வைத்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர்.